இரண்டும் எஸ்ஐபி தான், அப்புறம் ஏன் மணி அடிக்க மாட்டேன் என்கிறது?

2025 அக்டோபர் 14 அன்று அலுவலக அழைப்புகளையும் அரட்டையையும் நடத்தும் தன் ஸ்கைப் ஃபார் பிசினஸ் சர்வர் 2015, 2019 இரண்டுக்குமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்து எந்த சர்வர், மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான டீம்ஸுக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் மேலே இருப்பவர்கள் பேசி முடிக்கிற விஷயம். ஐடி பிரிவுக்குத் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது: மேசைக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான ஐபி போன்கள். போன் வந்த பெட்டியில் எஸ்ஐபி என்று போட்டிருக்கிறது, சர்வரின் கையேட்டிலும் எஸ்ஐபி என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒரே மொழி பேசுகிறது என்றால் சர்வரின் முகவரியைப் போனில் அடித்துவிட்டால் போதாதா?

போதாது. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். காரணம் பிடிபட்டால்தான் எந்தப் போனைக் காப்பாற்றலாம், எதைக் காயலான் கடைக்கு அனுப்பலாம் என்று சொல்ல முடியும்.

எஸ்ஐபி எதுவரைக்கும் பேசும்

எஸ்ஐபி என்பது அழைப்பைத் தொடங்கவும், மாற்றவும், முடிக்கவும் வேண்டிய செய்திகளுக்கான நெறிமுறை. 1999-ல் ஆர்எஃப்சி 2543 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, 2002-ல் ஆர்எஃப்சி 3261 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. இன்றைக்கும் அதுதான் அடிப்படை. 'நான் இந்த முகவரியில் இருக்கிறேன்' என்று போன் சர்வரிடம் சொல்வது ரிஜிஸ்டர். 'பேச வா' என்று கூப்பிடுவது இன்வைட். வைத்துவிடுவது பை.

இதில் குரல் கிடையாது. குரல் ஆர்டிபி என்ற தனிப் பாதையில் ஓடுகிறது. அந்தப் பாதை எந்த முகவரியில், எந்த போர்ட்டில் (அந்த முகவரிக்குள் கதவு எண் மாதிரி), எந்த கோடெக்கில் (குரலை எண்ணாக மாற்றும் முறை) என்பதை இன்வைட்டுக்குள் வைத்து அனுப்பும் சீட்டுதான் எஸ்டிபி. ஆக, ஒரு போன் கால் ஒழுங்காக நடக்க எஸ்ஐபி, எஸ்டிபி, ஆர்டிபி மூன்றும் பொருந்த வேண்டும். கடவுச்சொல்லை எப்படிச் சரிபார்ப்பது, குரலை எப்படிப் பூட்டுவது, எண்ணை எப்படி முழு எண்ணாக விரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட வழிகள் உண்டு, எந்த வழி என்பதை எஸ்ஐபி பெரும்பாலும் செய்பவர் கையில் விட்டுவிட்டது.

அரசு அலுவலகத்தில் மனு கொடுப்பது மாதிரிதான். மனு பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கும். ஆனால் எந்த ஜன்னல், எந்த முத்திரை, யாருடைய கையெழுத்து என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். பெட்டிமேல் இருக்கும் 'எஸ்ஐபி' என்ற எழுத்து மனுவுக்கு மட்டும்தான் உத்தரவாதம்.

முதல் 32 விநாடிகள்

சாதாரண எஸ்ஐபி போன் ஒன்றை எடுத்து, லிங்க் (ஸ்கைப் ஃபார் பிசினஸின் முந்தைய பெயர்) அல்லது ஸ்கைப் ஃபார் பிசினஸ் சர்வரின் முகவரியைக் கொடுத்து, வயரைச் சொருகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போன், முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி-யிடம் ஒரு ஐபி முகவரி வாங்குகிறது. அடுத்து, பழக்கப்படி யூடிபி-யில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பொட்டலத்தை அனுப்பும் முறை) 5060 போர்ட்டுக்கு ஒரு ரிஜிஸ்டரை அனுப்புகிறது. பதில் இல்லை. அரை விநாடி கழித்து அதையே மறுபடி அனுப்புகிறது, அப்புறம் 1 விநாடி, 2 விநாடி, 4 விநாடி என்று இடைவெளி விட்டு, அதற்குப் பிறகு 4 விநாடிக்கு ஒருமுறை. முதல் முறையையும் சேர்த்து மொத்தம் 11 தடவை. 32-வது விநாடியில் கைவிட்டு, திரையில் ரிஜிஸ்டர் ஆகவில்லை என்று ஒரு வரி போடுகிறது.

போனில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த 500 மில்லி விநாடி, அந்த 32 விநாடி எல்லாம் ஆர்எஃப்சி 3261 எழுதிவைத்த கணக்குதான். சர்வர் யூடிபி-யைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் எஸ்ஐபி பேசும் எல்லாக் கருவிகளும் யூடிபி, டிசிபி (போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் முறை) இரண்டையும் ஏற்க வேண்டும் என்பது அதே ஆவணத்தின் கட்டாய விதி. போன் விதிப்படி நடந்து தோற்றது, சர்வர் விதியை மீறி ஜெயித்தது.

எங்கெங்கே முட்டிக்கொள்கிறது

1. போக்குவரத்து. மேலே பார்த்ததுதான். ஆபிஸ் கம்யூனிகேஷன்ஸ் சர்வர் 2007 தொடங்கி லிங்க் 2010, 2013, ஸ்கைப் ஃபார் பிசினஸ் வரை இந்தக் குடும்பத்து சர்வர்கள் கிளையன்ட்டிடம் எதிர்பார்ப்பது 5061 போர்ட்டில் டிஎல்எஸ். டிஎல்எஸ் என்பது குறியாக்கிய இணைப்பு, அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழைக் கொடுத்தது பெரும்பாலும் நிறுவனத்தின் உள் சான்றிதழ் மையம், வெளியே யாருக்கும் அதைத் தெரியாது. அதன் மூலச் சான்றிதழைப் போனுக்குள் ஏற்றாவிட்டால் கை குலுக்குவதற்குள்ளேயே பேச்சு முறிந்துவிடும்.

2. அடையாளம் சரிபார்ப்பு. சாதாரண எஸ்ஐபி போனுக்குத் தெரிந்தது டைஜஸ்ட் முறை. சர்வர் 401 என்று ஒரு சவாலை அனுப்பும், போன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அந்தச் சவாலோடு கலந்து எம்டி5 என்ற கலப்புக் கணக்கில் அரைத்துத் திருப்பி அனுப்பும். மைக்ரோசாஃப்ட் சர்வர் ஊழியர் கணக்குகளுக்கு நீட்டும் 401-ல் டைஜஸ்ட் இருக்காது. விண்டோஸ் கணக்குகளைச் சரிபார்க்கும் என்டிஎல்எம் அல்லது கெர்பரோஸ் இருக்கும், லிங்க் 2010 முதல் சான்றிதழ் வழி முறையும் சேர்ந்துகொண்டது. போன் அந்தப் பட்டியலைப் பார்க்கும், தெரிந்த பெயர் ஒன்றும் இருக்காது, நின்றுவிடும். கடவுச்சொல்லைப் பத்து முறை மாற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள். கடவுச்சொல் தப்பில்லை, கேள்வியே புரியவில்லை.

3. குரல். கோடெக்தான் பெரிய பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள், அவ்வளவு இல்லை. ஜி.711 இரு பக்கமும் உண்டு. கிளை அலுவலகத்தில் லைனை மிச்சப்படுத்த ஜி.729 மட்டும் என்று போனை அமைத்திருந்தால்தான் வம்பு, லிங்க் அதை ஏற்காது. (அந்த மிச்சம் சின்னதும் இல்லை. 20 மில்லி விநாடிப் பொட்டலங்களாக அனுப்பினால் ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்புகளையும் சேர்த்து ஜி.711 ஒரு திசைக்கு 80 கிலோபிட் கேட்கும், ஜி.729-க்கு 24 போதும்.) உண்மையான முட்டுக்கட்டை பூட்டு. இந்த சர்வர்களின் இயல்பான அமைப்பில் குரல் எஸ்ஆர்டிபி-யாகக் குறியாக்கம் ஆகியே தீர வேண்டும். அதோடு ஃபயர்வாலுக்கு இரு பக்கமும் உள்ளவர்கள் வழி கண்டுபிடிக்க ஐஸ் என்ற முறையும் உண்டு. மலிவு போன்களில் ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்காது.

4. எண்ணும் ஆளும். இது கடைசியில் தெரியவரும், ஆனால் ஆழமானது. பழைய இபிஏபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி நிலையம்) மனநிலையில் 2103 என்பது ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு போன். இந்த சர்வருக்குக் கம்பி கிடையாது, ஆள்தான் உண்டு. பெயர்@நிறுவனம் என்ற முகவரி, அதன்கீழ் +91 44 என்று தொடங்கும் முழு எண். அந்த ஆள் மடிக்கணினி, கைபேசி, மேசை போன் என்று மூன்று இடத்தில் உள்ளே வந்திருந்தால் மூன்றும் சேர்ந்து அடிக்கும், ஒன்றில் எடுத்ததும் மற்றவை அடங்கும், ஆள் ஓய்வாக இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி சிவப்பாகும். யார் எந்த எண்ணை எப்படி விரிக்க வேண்டும், குரலஞ்சல் எங்கே, எந்தக் கொள்கை என்பதையெல்லாம் உள்ளே வந்தவுடன் சர்வர் எஸ்ஐபி செய்திகளுக்குள்ளேயே எக்ஸ்எம்எல்லாகத் திணித்து அனுப்பும். சாதாரண போன் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடும்.

முதல் மூன்றையும் எப்படியோ சரிக்கட்டிய போன்கூட நான்காவதில் அரைகுறையாகவே நிற்கும். மணி அடிக்கும், பேசலாம், ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது சர்வருக்குத் தெரியாது.

வேண்டுமென்றே செய்ததா?

வாடிக்கையாளர்களைத் தன் பக்கம் கட்டிப்போட மைக்ரோசாஃப்ட் இப்படிச் செய்தது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. பாதி உண்மை. யூடிபி-யையும் டைஜஸ்டையும் விட்டதற்குப் பாதுகாப்புக் காரணம் இருக்கிறது, அலுவலக நெட்வொர்க்கில் எம்டி5-ஐயும் பூட்டாத குரலையும் இன்றைக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆனால் இந்த சர்வர் தொலைபேசி நிலையமாகப் பிறந்ததே இல்லை. 2003-ல் லைவ் கம்யூனிகேஷன்ஸ் சர்வர் என்ற பெயரில் வந்தபோது அது அலுவலக மெசஞ்சர், விண்டோஸ் கணக்கோடு ஒட்டிப் பிறந்தது. குரல் அதன்மேல் பிறகு கட்டிய மாடி. 2007-ல் அந்த மாடியில் குடியேறிய பாலிகாம் சிஎக்ஸ்700, எல்ஜி-நார்டெல் 8540 போன்ற போன்களுக்கு உள்ளே ஓடியதும் மைக்ரோசாஃப்ட் எழுதிய மென்பொருள்தான், போனின் உடம்பு மட்டும் வேறு கம்பெனி.

சிஸ்கோ வேறு வழியில் போனது. தன் போன்களுக்கு ஸ்கின்னி என்ற சொந்த நெறிமுறையை வைத்துக்கொண்டிருந்த நிறுவனம், 2006-ல் வந்த கால்மேனேஜர் 5.0-ல் மற்றவர் எஸ்ஐபி போன்களுக்கும் கதவைத் திறந்தது. 'மூன்றாம் தரப்பு எஸ்ஐபி' என்றே ஒரு வகை உண்டு, அடிப்படை என்றால் ஒரு லைன், மேம்பட்டது என்றால் 8 வரை, அடையாளத்துக்கு டைஜஸ்ட். ஆக இது தொழில்நுட்பம் அனுமதிக்காத விஷயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கேயும் அந்தப் போனுக்குக் கிடைப்பது அடிப்படைச் சாப்பாடு மட்டும்தான்.

நடுவில் ஒரு துபாஷி

நேரடியாகச் சேராது என்றால் நடுவில் இரு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் துபாஷி மாதிரி. அவர் பேச்சை மாற்றிச் சொன்னதோடு நிற்கவில்லை, இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கத்தில் ஜாமீனும் நின்றார். இங்கேயும் அப்படியே. துபாஷியை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

1. போனுக்குள்ளேயே. போன் கம்பெனியே அந்த சர்வரின் பேச்சைத் தன் மென்பொருளில் கற்றுக்கொடுத்துவிடுவது. பாலிகாம் விவிஎக்ஸ் போனில் 'பேஸ் ப்ரொஃபைல்' என்று ஒரு அமைப்பு இருக்கும். ஜெனரிக் என்று வைத்தால் அது ஊருக்குப் பொதுவான எஸ்ஐபி போன், லிங்க் அல்லது ஸ்கைப் என்று மாற்றினால் போன் திரும்ப எழும்போது வேறு ஆள். ஸ்னாம், யீலிங்க், ஆடியோகோட்ஸ் நிறுவனங்களும் இப்படித் தனிப் பதிப்புகள் விட்டன. சுத்தமான வழி, ஆனால் சர்வர் ஓய்வு பெறும்போது போனின் இந்தத் திறமையும் சேர்ந்து ஓய்வு பெறும்.

2. இரண்டு சர்வர்களுக்கு நடுவில். போன்களெல்லாம் ஆஸ்டெரிஸ்க் மாதிரி ஒரு பிபிஎக்ஸிலோ (அலுவலகத் தொலைபேசி நிலையம்), எஸ்பிசி என்ற எல்லைக் கட்டுப்பாட்டுக் கருவியிலோ ரிஜிஸ்டர் ஆகும். அந்தப் பெட்டி மைக்ரோசாஃப்ட் பக்கம் வெளி அழைப்புகளை வாங்கும் மீடியேஷன் சர்வரோடு ஒரு டிரங்க் (இரண்டு நிலையங்களை இணைக்கும் லைன்) போட்டுக்கொள்ளும், மைக்ரோசாஃப்ட் உலகில் இதற்கு டைரக்ட் எஸ்ஐபி என்று பெயர். எந்தப் போனும் சேரும், மூன்று முட்டுக்கட்டைகளும் போய்விடும். நான்காவது போகாது. சர்வரின் கண்ணுக்கு 2103 ஊழியர் இல்லை, வெளி லைனில் இருந்து வரும் ஒரு அழைப்பு. லிஃப்ட், வாட்ச்மேன் அறை, கேன்டீன், கிடங்கு போன்ற ஆளில்லாத போன்களுக்கு இது தாராளம். ஒரு மேலாளரின் மேசைக்கு இதைக் கொடுத்தால் முதல் வாரமே புகார் வரும்.

3. பயனரின் பெயரில் உள்ளே போகும் துபாஷி. போன் துபாஷியிடம் டைஜஸ்டில் ரிஜிஸ்டர் ஆகும். துபாஷி சர்வரிடம் நம்பிக்கைக்குரிய பயன்பாடாகப் பதிவாகி, 'இவர் இன்னார்' என்று அந்த ஊழியரின் பெயரில் உள்ளே போவார். எவாஞ்சலைஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்எஸ்ஐபி அப்படிப்பட்டது. பச்சைப் புள்ளி சிவப்பாவது உட்பட நான்காவது தடையில் பெரும்பகுதி தீரும். பதிலுக்குக் கேட்பது நம்பிக்கை, அதைக் கீழே பார்ப்போம்.

4. கிளவுடில். டீம்ஸ் பக்கம் மைக்ரோசாஃப்டே 2021-ல் எஸ்ஐபி கேட்வே என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தன் பழைய பிடிவாதத்துக்குத் தானே போட்டுக்கொண்ட துபாஷி என்று வைத்துக்கொள்ளலாம். போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, ப்ரொவிஷனிங் முகவரியை மாற்றினால் அது கேட்வேயிடம் போய்த் தன் அமைப்பை இறக்கிக்கொள்ளும். இணைக்க நிர்வாகப் பக்கத்தில் ஒரு சரிபார்ப்பு எண் தருவார்கள், போனில் *55* போட்டு அந்த எண்ணை டயல் செய்ய வேண்டும். கவனிக்க வேண்டியது, 'எந்த எஸ்ஐபி போனும்' என்று இதைப் படித்துவிடக் கூடாது. சிஸ்கோ, பாலி (பழைய பாலிகாம்), யீலிங்க், ஆடியோகோட்ஸ் போன்ற சில நிறுவனங்களின் குறிப்பிட்ட மாடல்கள், குறிப்பிட்ட ஃபர்ம்வேர் (போனுக்குள் ஓடும் மென்பொருள்) இருந்தால் மட்டும். தவிர டீம்ஸ் போன் உரிமம் வேண்டும்.

இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. அன்றைக்கு 'லிங்குக்கென்றே செய்தது' என்று அதிக விலை கொடுத்து வாங்கிய சிஎக்ஸ்600 மாதிரி லிங்க் ஃபோன் எடிஷன் போன்களுக்கு 2018 ஏப்ரலில் ஆதரவு முடிந்துவிட்டது, அவற்றுக்கு வேறு பேச்சு தெரியாது, இந்தப் பட்டியலிலும் இடமில்லை. பக்கத்து மேசையில் ஜெனரிக்காக மாற்றக்கூடிய விவிஎக்ஸ் வைத்திருந்தவர் பிழைத்துக்கொண்டார்.

ஜாமீனின் விலை

துபாஷிக்கும் சர்வருக்கும் நடுவில் டிஎல்எஸ் இருக்கும், இரு பக்கமும் சான்றிதழைச் சரிபார்த்துக்கொள்ளும், எல்லாம் கச்சிதம். அதனால்தான் துபாஷி சொல்வதை சர்வர் அப்படியே நம்புகிறது. அழைப்பவர் யார் என்று துபாஷி ஒரு தலைப்பில் எழுதி அனுப்புவார், 2002-ல் வந்த ஆர்எஃப்சி 3325 இதற்கென்றே ஒரு தலைப்பை வகுத்திருக்கிறது. மறுபக்கத்தில் போனும் துபாஷியும் பேசுவது பூட்டாத யூடிபி-யில், கடவுச்சொல் பல இடங்களில் எக்ஸ்டென்ஷன் எண்ணேதான். 2103-க்குக் கடவுச்சொல் 2103.

ஆக, கோட்டை வாசலில் பெரிய பூட்டு, திட்டிவாசலில் தாழ்ப்பாள் மட்டும். 5060 போர்ட்டை இணையத்தைப் பார்க்கத் திறந்து வைத்தால் லாகில் 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்ற பெயரில் வருகையாளர்கள் வரத் தொடங்குவார்கள். எஸ்ஐபிவிஷியஸ் என்ற சோதனைக் கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயர் அது. எக்ஸ்டென்ஷன்களை 100, 101 என்று தட்டிப் பார்த்து, ஒன்று திறந்தால் சனிக்கிழமை இரவு முழுக்க வெளிநாட்டுப் பிரீமியம் எண்களுக்கு அழைப்பு ஓடும். பில் வருவது நிறுவனத்துக்கு. துபாஷியைப் போட்டால் குரலுக்குத் தனி விஎல்ஏஎன் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த பகுதி), ஒவ்வொரு போனுக்கும் நீளமான தனிக் கடவுச்சொல், தேவையில்லாதவருக்கு ஐஎஸ்டி அடைப்பு, இந்த மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி.

இந்தியாவில் கூடுதலாக ஒரு முடிச்சு

டோல் பைபாஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கலாம். மும்பைக் கிளையில் இருப்பவர் நிறுவனத்தின் சொந்த ஐபி நெட்வொர்க்கில் சென்னைக்கு வந்து, சென்னை அலுவலகத்து வெளி லைன் வழியே உள்ளூர் அழைப்பாக இறங்கிவிட்டால், தொலைதூர அழைப்புக் கட்டணத்தைத் தாண்டிக் குதித்ததாகிவிடும். இதை ஒழுங்குபடுத்த இங்கே விதிகள் உண்டு. கால்சென்டர், பிபிஓ போன்றவற்றுக்கான விதிமுறைகள் 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தளர்ந்தன, அதைப் பொதுவான அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கென்றே சிஸ்கோவில் லாஜிக்கல் பார்ட்டிஷனிங்கும், லிங்க் 2013 முதல் இருப்பிடம் சார்ந்த ரூட்டிங்கும் வந்தன.

லிங்கின் அந்த ரூட்டிங் போன் எந்தச் சப்நெட்டில் (நெட்வொர்க்கின் கிளைப் பகுதியில்) இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்கிறது. டிரங்க் வழி துபாஷியைப் போட்டதும் மும்பைப் போன், கோவைப் போன் எல்லாமே சர்வருக்குத் துபாஷியின் முகவரியில் இருந்து வருவதாகத் தெரியும். பிரித்துப் பார்க்கும் வேலையையும் துபாஷியிடமே கொடுத்தாக வேண்டும், அல்லது ஊருக்கு ஒரு துபாஷி.

கையில் இருக்கும் போன் எந்த இடத்தில் நிற்கிறது?

நூறு போனை ஒன்றாக மாற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் எடுத்து, சுவிட்ச் போர்ட்டை மிரர் செய்து (அதில் ஓடுவதை நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பொட்டலம் பார்க்கும் கருவியில் பாருங்கள். டிஎல்எஸ் ஆகிவிட்டால் உள்ளே இருப்பது அதில் தெரியாது, அப்போது சர்வர் பக்கத்து லாகைத்தான் பார்க்க வேண்டும். அறிகுறிகள் இப்படி:

1. 11 ரிஜிஸ்டர், ஒரு பதிலும் இல்லை: போக்குவரத்து. போன் யூடிபி-யில் கேட்கிறது, அல்லது நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது.

2. டிஎல்எஸ் தொடங்கி உடனே அறுந்தால்: சான்றிதழ். அதற்கும் முன்னால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். நேர சர்வர் கிடைக்காத போன் இன்னும் 1970-லோ 2000-லோ இருக்கும், அதன் கணக்கில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

3. 401, மறுபடி 401: 401-க்குள் என்ன முறை கேட்கிறது என்று படியுங்கள். டைஜஸ்ட் இல்லையென்றால் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டுவது வீண்.

4. ரிஜிஸ்டர் ஆகிறது, கூப்பிட்டால் 404: எண் விரியவில்லை. நான்கு இலக்கத்தை முழு எண்ணாக்கும் விதி விட்டுப்போயிருக்கிறது.

5. 488: குரல். கோடெக் பொருந்தவில்லை, அல்லது ஒருவர் எஸ்ஆர்டிபி கேட்க மற்றவர் தரவில்லை.

6. மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது: எஸ்டிபி சீட்டில் 192.168 என்று தொடங்கும் உள் முகவரி எழுதி வெளியே போயிருக்கும்.

7. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சரியாக 32-வது விநாடியில் துண்டாகிறது: அதே 32 தான். எடுத்தேன் என்று சொன்னதற்கு 'சரி, கிடைத்தது' என்று வரவேண்டிய ஏக் செய்தி வழியில் தொலைந்திருக்கிறது. எடுத்தவர் பக்கம் அதுவரை காத்திருந்து, வராமல் போகவே அழைப்பை முடித்துவிடுகிறது. குரலில் தேடாதீர்கள், துபாஷி தன் முகவரியாக எழுதிக் கொடுத்த கான்டாக்ட் தலைப்பில் தேடுங்கள்.